சீனக் குடும்பக் கடிதம் எழுதும் முறை: பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சீனத் தொடக்கப்பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தாத்தாவுக்கோ ஆசிரியருக்கோ ஒரு கடிதம் எழுதிவரும்படி வீட்டுப்பாடம் தரப்படும் நாளில், சீன எழுத்து அறியாத பெற்றோர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரிடுகிறது. எழுத்தைச் சொல்லித்தர அவர்களால் இயலாமல் போகலாம். கடிதத்தின் மரியாதையைச் சொல்லித்தர நிச்சயம் இயலும். ஏனெனில் சீனக் கடிதத்தில் மரியாதையின் ஒரு பாதி சொல்லில் இருக்கிறது என்றால், மறு பாதி அந்தச் சொல் தாளில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. எந்த வரி ஓரத்தை ஒட்டித் தொடங்குகிறது, எது உள்தள்ளி நிற்கிறது, யாருடைய பெயர் மேலே இருக்கிறது, யாருடையது கீழே ஒதுங்குகிறது என்பவற்றைப் பிள்ளை புரிந்துகொண்டுவிட்டால், வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. காரணம் சொல்லாமல் வடிவத்தை மட்டும் திணிப்பதே கடிதப் பாடத்தைப் பிள்ளைகள் வெறுக்கக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியோடும் அதன் காரணத்தையும் சேர்த்தே தருகிறேன்.

தொடங்குமுன் சொல்ல வேண்டிய கதை

வீட்டாருக்கு எழுதும் கடிதத்தைச் சீனர் 'ஜியாஷு' என்பர். 'ஜியா' என்றால் வீடு, 'ஷு' என்றால் எழுத்து. கிட்டிய சீனக் குடும்பக் கடிதங்களுள் மிகப் பழையவை எனக் கருதப்படும் இரண்டு மரப்பலகைகள், ஹூபெய் மாநிலத்தில் ஷுவெய்ஹுதி என்னும் இடத்தின் நான்காம் எண் கல்லறையில் 1975–76 அகழாய்வின்போது வெளிப்பட்டன. கி.மு. 223ஆம் ஆண்டை ஒட்டி, சின் நாட்டுப் படையில் இருந்த ஹெய்ஃபு, ஜிங் என்னும் இரு சகோதரர்கள் ஊரிலிருந்த தங்கள் சகோதரனுக்கு எழுதியவை அவை. "அம்மா நலந்தானே?" என்பது முதற்கேள்வி; அதன் பிறகே "நாங்கள் நலம்" என்ற செய்தி. அடுத்து, பணமும் கோடை உடைக்குத் துணியும் அனுப்பும்படி வேண்டுகோள். உறவினர் பலருக்கும் தனித்தனியே விசாரிப்பு. நம்முடைய 'நலம், நலமறிய ஆவல்' என்னும் வாய்பாட்டில் எழுதுபவரின் நலம் முன்னே வருகிறது. அந்தப் போர்வீரர்கள் கேட்பதை முன்னே வைத்தார்கள். இந்த வரிசைதான் இன்றுவரை சீனக் கடிதத்தின் முதுகெலும்பாக இருக்கிறது. இக்கதையை முதலில் சொல்லிவிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கும் கடிதம் என்பது தேர்வுக்கான வடிவம் அன்று என்பது விளங்கிவிடும்.

கி.பி. 757இல், கலகப் படையின் பிடியிலிருந்த சாங்ஆன் நகரத்தில் சிக்கியிருந்த கவிஞர் து ஃபூ, மூன்று மாதமாகப் போர்த்தீ அணையாத வேளையில் வீட்டுக் கடிதம் ஒன்று பத்தாயிரம் பொன்னுக்கு ஈடு என்று பாடினார். சீனப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்கும் அடி அது. வாய்ப்பிருந்தால் அதையும் வாசித்துக்காட்டுங்கள்.

படி 1: தாளும் மையும்

கோடிட்ட வெள்ளைத் தாளும், கறுப்பு அல்லது கருநீல மையும் போதும். சிவப்பு மையில் கடிதம் எழுதக் கூடாது. அது உறவை முறித்துக்கொள்ளும் கடிதத்துக்கு உரியது என்று கருதப்படுகிறது. பென்சிலில் முதற்படி எழுதி, மையில் படியெடுப்பது நல்லது.

மரபான கடிதம் மேலிருந்து கீழாக, வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எழுதப்படும். அதற்கென்றே சிவப்புக் கோடுகளால் எட்டுச் செங்குத்து வரிகளாகப் பிரித்த தாள் இருந்தது; 'எட்டு வரி எழுத்து' என்பது கடிதத்துக்கே ஒரு பெயராயிற்று. இன்றைய பள்ளிகளில் இடமிருந்து வலமாகக் கிடைமட்டமாகவே எழுதுகிறார்கள். வீட்டுப்பாடத்துக்குக் கிடைமட்டம் போதும். ஆயினும் விடுமுறை நாளில் ஒருமுறையேனும் செங்குத்தாக எழுதிப் பார்க்கச் செய்யுங்கள். கீழே சொல்லப்போகும் விதிகள் பலவற்றின் காரணம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

படி 2: விளி

முதல் வரியில், எந்த இடைவெளியும் விடாமல், இட ஓரத்தை ஒட்டி, பெறுபவரை விளித்து முக்காற்புள்ளி இட வேண்டும். அந்த வரியில் வேறெதுவும் வரக் கூடாது. தாளின் மிக உயர்ந்த இடம் அவருடையது என்பதே இதன் பொருள்.

குடும்பத்துப் பெரியவரைப் பெயர் சொல்லி விளிப்பது பெருங்குற்றம்; முறை சொல்லியே விளிக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தந்தையின் அண்ணன் சீனத்தில் 'போபோ', தம்பி 'ஷூஷு', தந்தையின் சகோதரி 'கூகு', தாயின் சகோதரன் 'ஜியூஜியு'. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று நாம் பிரிக்கும் அதே பிரிவுகள்! தந்தையைப் பெற்றவர்களை 'யேயே', 'நைநை' என்றும், தாயைப் பெற்றவர்களை 'வாய்கோங்', 'வாய்போ' என்றும் வேறுபடுத்துவார்கள். பிந்தைய இரண்டிலும் உள்ள 'வாய்' என்பதற்கு 'வெளி' என்று பொருள். குலம் தந்தை வழியே எண்ணப்பட்டதன் தடம் அது. தாத்தாவுக்கு எழுதுவதற்கு முன், எந்தத் தாத்தா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

இன்றைய நடையில் 'அன்புள்ள தாத்தா' என்பதே போதுமானது. மரபு நடையில் பெற்றோருக்கு எழுதும்போது விளிக்குப் பின் 'ஷீஷியா' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். 'முழங்காலடியில்' என்பது அதன் பொருள். சிறு குழந்தையாகப் பெற்றோரின் முழங்காலைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து பேசுகிறேன் என்கிறது அந்தச் சொல். பெரியவரின் முகத்துக்கு நேரே பேசாமல் அவர் இருக்கைக்குக் கீழே நின்று பேசுவதாகப் பாவிப்பதுதான் இத்தகைய சொற்களின் அடிப்படை. சம வயதுத் தோழருக்கான பழைய சொல் 'ட்சுஷியா', அதாவது 'பாதத்தின் கீழ்'. இவற்றைப் பிள்ளை பயன்படுத்த வேண்டியதில்லை. தெரிந்துவைத்திருந்தால் பழைய கடிதங்களை வாசிக்கும்போது மகிழ்ச்சி கிடைக்கும்.

சிங் அரசின் உயர் அதிகாரியான செங் குவோஃபான் (1811–1872) தலைநகரிலிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதங்களின் தொடக்கம் இன்னும் பணிவானது: "மகன் குவோஃபான் மண்டியிட்டுத் தெரிவிப்பது, தந்தை தாய்ப் பெருமக்கள் பத்தாயிரம் நலமும் பொன்னான அமைதியும் பெறுக." நாட்டின் உயர் பதவியில் இருந்தவர், வீட்டுக் கடிதத்தில் முதலில் 'மகன்' என்று தம்மைக் குறித்துக்கொண்டதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவது பயனுடையது. அவருடைய குடும்பக் கடிதங்கள் 1879இல் அச்சேறின, இன்றும் வாசிக்கப்படுகின்றன.

படி 3: நலம் கேட்டல்

இரண்டாம் வரி இரண்டு எழுத்து இடம் உள்தள்ளித் தொடங்கும். 'நின் ஹாவ்!' என்பது வழக்கமான வணக்கம். சீனத்தில் 'நீ' என்பதற்கு ஏறத்தாழ நம்முடைய 'நீ' போலவே ஒலிக்கும் சொல்லே உண்டு. பெரியவர்களுக்கான மரியாதை வடிவம் 'நின்'. எழுத்தில் பார்த்தால், 'நீ' என்ற எழுத்தின் அடியில் 'இதயம்' என்னும் உறுப்பைச் சேர்த்தால் 'நின்' ஆகிறது. இதயத்தோடு கூடிய 'நீ' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. ஒரு கடிதத்தில் 'நின்' என்று தொடங்கிவிட்டு இடையில் 'நீ'க்கு இறங்குவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. எழுதி முடித்தபின் இந்த ஒன்றை மட்டும் தேடி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

வெறும் வணக்கத்தோடு நிறுத்தாமல், அவருக்கே உரிய ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்க வேண்டும். 'உடல்நலம் எப்படி?' என்பதை எவருக்கும் எழுதலாம். 'மழைக்காலம் தொடங்கிவிட்டதே, முழங்கால் வலி மீண்டும் வந்ததா?' என்பதைத் தாத்தாவுக்கு மட்டுமே எழுத முடியும்.

படி 4: கடிதத்தின் உடல்

இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஹான் காலத்துப் பழம்பாடல் ஒன்றில், தொலைவிலிருந்து வந்த ஒருவர் இரட்டைக் கெண்டை மீன் வடிவிலான பொருளை ஒரு பெண்ணிடம் தருகிறார். அதைத் திறந்தால் ஓரடி நீளப் பட்டுத் துணியில் கணவனின் கடிதம். அதில் என்ன எழுதியிருந்தது? முற்பகுதியில் 'நன்றாகச் சாப்பிடு', பிற்பகுதியில் 'நெடுங்காலமாக உன்னை நினைக்கிறேன்'. அவ்வளவுதான். ஒரு குடும்பக் கடிதத்துக்கு வேண்டிய இரண்டு பொருள்களும் அதில் அடங்கிவிடுகின்றன: பெறுபவரின் அன்றாட வாழ்வைப் பற்றிய அக்கறை, பிரிவைப் பற்றிய உண்மையான ஒரு சொல். பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் மதிப்பெண்ணும் போட்டிப் பரிசும் பக்கம் பக்கமாக இருக்கும். இந்த இரண்டும்தான் இராது.

உள்ளடக்கத்தை நான்கு சிறு பத்திகளாகத் திட்டமிடச் செய்யலாம். ஒவ்வொரு பத்தியும் இரண்டு எழுத்து இடம் உள்தள்ளித் தொடங்க வேண்டும். முதற்பத்தி அவர் முன்னர் எழுதியதற்கோ சொன்னதற்கோ மறுமொழி. இரண்டாவது, வீட்டில் எல்லாரும் நலம் என்ற செய்தி. சீனர் இதை 'அமைதியை அறிவித்தல்' என்பர். மூன்றாவது, பிள்ளை தன் கண்ணால் கண்ட ஒரே ஒரு நிகழ்ச்சி. நான்காவது, ஒரு கேள்வி அல்லது வேண்டுகோள். மூன்றாம் பத்தியில் 'ஒரே ஒரு' என்பதை வலியுறுத்துங்கள். விடுமுறை முழுவதையும் அடுக்கும் கடிதம் எவர் மனத்திலும் தங்காது. மாடியில் காயப்போட்ட துணி காற்றில் பறந்து அடுத்த வீட்டு மரத்தில் சிக்கிய கதை தங்கும்.

மகிழ்ச்சியை மட்டும் அறிவி, கவலையை அறிவிக்காதே என்றொரு வழக்கம் சீனக் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. தொலைவில் இருப்பவர் செய்வதறியாது வருந்தக் கூடாது என்ற கரிசனத்தில் பிறந்தது அது. பெரியவர்கள் தமக்குள் அப்படி எழுதிக்கொள்ளட்டும். பிள்ளைக்கு இதை விதியாகக் கற்பிக்கக் கூடாது என்பதே என் கருத்து. பள்ளியில் ஒரு துன்பம் நேர்ந்திருந்தால் அதைத் தாத்தாவுக்கு எழுதும் உரிமை பிள்ளைக்கு வேண்டும். அந்த ஹெய்ஃபுவும் ஜிங்கும் கையில் காசு இல்லை என்பதை மறைக்காமல்தான் எழுதினார்கள்.

மாறாக, பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் சின்னஞ்சிறு அறிவுரைகள் இடம்பெறலாம். மொழிபெயர்ப்பாளர் ஃபூ லெய், 1954இல் போலந்துக்கு இசை பயிலச் சென்ற தம் மகன் ஃபூ சொங்குக்கு எழுதிய கடிதங்கள் 1981இல் நூலாக வந்தன. சீனாவில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசிக்கப் பரிந்துரைக்கப்பட்டவை அவை. பிறர் வீட்டுக்குள் சென்றால் மேலங்கியோடு கழுத்துத் துணியையும் கழற்றிவிடு, கைகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நிற்காதே என்று ஒரு கடிதம் சொல்கிறது. பியானோவில் பன்னாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளைஞனுக்கு எழுதியது அது. இசையைப் பற்றிய ஆழ்ந்த பேச்சுக்கு நடுவே இத்தகைய சிறு வரிகள் வருவதால்தான் அவை தந்தையின் கடிதங்களாக இருக்கின்றன.

உடற்பகுதியில் கவனிக்க வேண்டிய இட மரியாதைகள் சில உள்ளன. மரபுக் கடிதத்தில் பெரியவரைக் குறிக்கும் சொல் வரும்போது, அந்த வரியை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த வரியின் தலைப்பில் அச்சொல்லைத் தொடங்குவார்கள். அல்லது அதற்கு முன் ஓர் எழுத்து இடம் வெறுமையாக விடுவார்கள். இதற்குத் 'தாய்தோ' என்று பெயர். தலையை உயர்த்துதல் என்று பொருள். 'நான்' என்பதைக் குறிக்கும் சொல்லையோ தன் பெயரையோ சிறிய எழுத்தில் வரியின் வலப்புறமாக ஒதுக்கி எழுதுவார்கள். ஒருவருடைய பெயரை இரண்டு வரிகளுக்குள் உடைக்கக் கூடாது. ஒரே ஓர் எழுத்து தனி வரியாகவோ, ஒரே ஒரு வரி தனிப் பக்கமாகவோ நிற்கக் கூடாது. அப்படி வருமானால் சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். இன்றைய பள்ளிக் கடிதத்தில் தாய்தோவை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பெயரை உடைக்காதே என்ற விதியை இன்றும் பின்பற்றச் செய்வது நல்ல பழக்கம்.

வெளியாருக்கு எழுதும் கடிதமானால், யாருடைய உறவினர் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். 'மூத்தவர்க்கு ஜியா, இளையவர்க்கு ஷ, பிறர் வீட்டார்க்கு லிங்' என்பது வாய்பாடு. என் தந்தை 'ஜியாஃபூ', என் தம்பி 'ஷதி', உங்கள் தந்தை 'லிங்சுன்', உங்கள் தாய் 'லிங்தாங்'. தன் தந்தையைத் தானே 'லிங்சுன்' என்பது நகைப்புக்கு இடமாகும் பிழை. ஆசிரியருக்கு எழுதும்போது இது தேவைப்படும்.

படி 5: வாழ்த்து

கடிதத்தின் வாழ்த்து இரண்டாக உடைக்கப்படும். பள்ளிகளில் பெரிதும் வழங்கும் வாய்பாடு 'ட்ஸி ஜி', 'ஜிங் லி' என்பது. 'இத்துடன் சேர்ப்பிக்கிறேன்', 'மதிப்பான வணக்கம்' என்று பொருள். முதற்பகுதி இரண்டு எழுத்து இடம் உள்தள்ளி வரும். இரண்டாம் பகுதி அடுத்த வரியில், இட ஓரத்தை ஒட்டித் தொடங்கும். ஏன் இப்படி என்று கேட்காமலே மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். காரணம் மேலே சொன்ன தாய்தோதான். வணக்கம் பெறுபவருக்கு உரியது. ஆகவே அது வரியின் தலைப்புக்கு உயர்த்தப்படுகிறது. பழைய வழக்கம் மற்ற எல்லா இடங்களிலும் மறைந்தபின், இந்த ஓரிடத்தில் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்திலும் உயிரோடு இருக்கிறது.

குடும்பத்தாருக்கு 'ஜிங் லி'யைவிட, 'வாழ்த்துகிறேன்' என்பதை உள்தள்ளி எழுதி, 'உடல்நலம் ஓங்குக' என்பதை அடுத்த வரியில் ஓரத்தில் எழுதுவது இதமானது. மரபு நடையில் பெற்றோருக்கு 'ஜின் ஆன்' (பொன்னான அமைதி), ஆசிரியருக்கு 'ஜியாவ் ஆன்' (கற்பித்தலில் அமைதி) என ஆளுக்கேற்ற வாழ்த்துகள் இருந்தன. வசந்தத்துக்கும் கோடைக்கும் குளிருக்கும்கூடத் தனித்தனி வாழ்த்து உண்டு.

படி 6: கையொப்பமும் நாளும்

வாழ்த்துக்குக் கீழே, வலப்புறத்தில், முதலில் உறவும் அடுத்துப் பெயரும் வரும்: 'பேரன் இன்னார்'. குடும்பத்தாருக்குக் குடும்பப் பெயர் தேவையில்லை. அதற்கும் கீழே, ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தேதி. பெரியவரின் விளி இடப்புற உச்சியிலும், எழுதியவரின் பெயர் வலப்புறக் கடைசியிலும் நிற்பதைப் பிள்ளைக்கு விரலால் தொட்டுக்காட்டுங்கள். முழுத் தாளும் அவ்விருவருக்கும் இடையிலான தொலைவு ஆகிறது. பின்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டெனினும், பெரியவருக்கு எழுதும்போது அதைத் தவிர்ப்பது மேல். மறந்துவிட்டதை ஓரத்தில் ஒட்டவைப்பதாக அது தோன்றும்.

ஒரு மாதிரி

பொருள் விளங்கும்பொருட்டுத் தமிழில் தருகிறேன். முதல் வரியும் 'உடல்நலம்' எனத் தொடங்கும் வரியும் இட ஓரத்தை ஒட்டி வர வேண்டும். கடைசி இரண்டு வரிகளும் வலப்புறத்தில். மற்ற பத்திகள் உள்தள்ளி.

அன்புள்ள வாய்போ:

வணக்கம்! இரவில் இருமல் குறைந்துவிட்டதா? அம்மா அனுப்பிய மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறீர்களா?

சென்ற முறை நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீங்கள் தந்த விதைகளில் மூன்று முளைத்துவிட்டன. நாங்கள் எல்லாரும் நலமாக இருக்கிறோம். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நேற்று நானே முதன்முறையாகக் கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தார். நீங்கள் வைக்கும்போது மட்டும் ஏன் அடி பிடிப்பதில்லை என்று எழுதி அனுப்புங்கள்.

உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வாழ்த்துகிறேன்,

உடல்நலம் ஓங்குக!

பேத்தி, சியாவ் லான்

2024 ஆண்டு 11 மாதம் 3 நாள்

படி 7: உறை

சீனாவில் இன்று வழங்கும் கிடைமட்ட உறையில், இட மேல்மூலையில் உள்ள ஆறு சிவப்புக் கட்டங்களில் பெறுபவரின் அஞ்சல் குறியீடு. அதன் கீழ் அவர் முகவரி. நடுவில் சற்றுப் பெரிய எழுத்தில் பெயர். வலக் கீழ்ப்பகுதியில் அனுப்புநர் முகவரியும் குறியீடும். அஞ்சல்தலை வல மேல்மூலையில் ஒட்டப்படும். முகவரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: மாநிலம், நகரம், வட்டாரம், தெரு, வீட்டு எண். மரபான செங்குத்து உறையில் நடுவே சிவப்புக் கட்டம் இருக்கும். பெறுபவரின் பெயர் அதற்குள், அவர் முகவரி வலப்புறம், அனுப்புநருடையது இடப்புறம். துக்கச் செய்திக்குச் சிவப்புக் கட்டம் கொண்ட உறையைப் பயன்படுத்தக் கூடாது.

உறையில் இரண்டு பிழைகள் மிகுதி. முதலாவது, 'தாத்தா பெறுக' என்று எழுதுவது. உறையை வாசிப்பவர் அஞ்சல்காரர். அவருக்கு அவர் தாத்தா அல்லர். எனவே உறையில் முழுப்பெயரும் 'திரு' போன்ற பொது மரியாதைச் சொல்லுமே வர வேண்டும். இரண்டாவது நுட்பமானது, பெரியவர்களும் தவறுகிறார்கள். பெயரின் அடியில் 'பிரிக்க' என்னும் பொருளில் 'ச்சி' என்ற எழுத்து வரும். மரியாதை என்று எண்ணி அதற்கு முன் 'ஜிங்' (பணிவுடன்) என்பதைச் சேர்த்தால், பெரியவரை நோக்கி 'பணிவோடு பிரித்து வாசியுங்கள்' என்று ஆணையிட்டதாகிவிடும். குடும்பத்துப் பெரியவருக்கு 'ஆன்ச்சி', அதாவது 'அமைதியாகப் பிரிக்க' என்பதே உரியது. பள்ளிப் பிள்ளைகள் 'ஷோ' (பெறுக) என்று மட்டும் எழுதினாலும் குறையில்லை.

படி 8: மறுமொழி

கடிதம் எழுதக் கற்பிப்பவர்கள் மறுமொழி எழுதக் கற்பிப்பதில்லை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சயாமுக்கும் பிழைக்க வந்த தெற்குச் சீனர்கள், குவாங்டோங், ஃபூஜியன் கரையோர ஊர்களிலிருந்த குடும்பங்களுக்குப் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்களுக்கு 'சியாவ்பி' என்று பெயர். எழுதத் தெரியாதவர்களுக்காகச் சிங்கப்பூரின் கடைத்தெரு நடைபாதைகளில் கடிதம் எழுதித்தருவோர் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். இக்கடிதங்களின் தொகுப்பு 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பணத்தையும் கடிதத்தையும் கொண்டுவந்து தருபவர், வீட்டாரிடமிருந்து 'ஹுவெய்பி' என்னும் மறுமொழிக் கடிதத்தைப் பெற்று அனுப்புவார். பணம் வந்தது, இவ்வளவு வந்தது, வீட்டில் இன்னார் இப்படி இருக்கிறார் என்ற சில வரிகள் அதில் இருக்கும். அது வந்து சேரும்வரை அனுப்பியவருக்கு நிம்மதி இராது.

ஆகவே பிள்ளைக்குத் தாத்தாவிடமிருந்து பதில் வந்தால், அதற்கு எழுதும் கடிதத்தின் உடற்பகுதி இந்த ஒரு வாக்கியத்தோடு தொடங்கட்டும்: 'இன்ன நாளிட்ட உங்கள் கடிதம் இன்ன நாளில் என் கைக்கு வந்து சேர்ந்தது.'